மூன்றடி ஆறங்குலம்

எங்கள் கந்தோர் பிரிண்டர் இரண்டு வகையான தாளைத்தான் துப்பும். ஒன்று வெறுந்தாள். மற்றது பிழையான தாள். வெறுந்தாள் எவ்வளவோ மேல். அது பிழை என்று பார்த்த உடனே தெரிந்துவிடும்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஓர் ஆர்க்கிடெக்டின் கந்தோரில் நான் பிளான் கீறுகிறேன். பதினாறு வருடமாக அதே கதிரை, அதே உப்புக்காற்று. நியமனக் கடிதத்தில் என் வேலை கீறுவது என்றுதான் இருக்கிறது. உண்மையில் என் வேலை, மற்றவர்கள் கெடுத்து வைத்ததைத் தேடிப் பிடிப்பது. பிளான் பேப்பரில் வரவில்லையா, வந்த பிளானில் சுவர் காணாமல் போயிற்றா, பிடிஎஃப் ஆக மாற்றினால் எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியாக வருகிறதா, என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் எழுந்து போவேன். போகும்போதே வாயைத் திறந்துவிடுவேன். எனக்கு வாய் நீளம் என்பது கந்தோரில் எல்லோருக்கும் தெரியும். பிழை செய்யாதவளுக்கு வாய் நீளமாக இருந்தால் என்ன என்பது அப்போது என் கொள்கை.

கெடுப்பவர்களில் முதலாமவர் எங்கள் ஆர்க்கிடெக்ட். அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அறுபது தாண்டிய மனிதர். தன்னை ஒரு கலைஞர் என்று உறுதியாக நம்புகிறவர், ஆகவே மவுஸைக் கையில் கொடுக்கக்கூடாதவர். பிளான் கீறும் மென்பொருளில் வியூபோர்ட் என்று ஒன்று இருக்கிறது. வீட்டை அதன் முழு அளவில் கீறி வைத்துவிட்டு, பிரிண்ட் எடுக்கும் தாளில் ஒரு ஜன்னல் வெட்டி, அந்த ஜன்னலுக்குள்ளால் வீட்டைக் காட்டுவது. எவ்வளவு சிறிதாகக் காட்டுவது என்பதுதான் ஸ்கேல். அந்த ஜன்னலுக்குள் நின்றுகொண்டு மவுஸின் சில்லை ஒரு தரம் உருட்டினால் போதும், ஸ்கேல் மாறிவிடும். திரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. படம் கொஞ்சம் கொழுத்திருக்கும், அவ்வளவுதான். இதைத் தடுக்கத்தான் பூட்டு வைத்திருக்கிறார்கள். நான் பூட்டுவேன். சேர் திறப்பார். ஏன் திறந்தீர்கள் என்று கேட்டால், கிட்டப் பார்க்க வேண்டியிருந்தது என்பார். கிட்டப் பார்க்க அவருக்குப் புதுக் கண்ணாடிதான் தேவை.

அது போதாதென்று இன்னொரு திருகுதாளமும் செய்வார். மென்பொருள் தன்னுடைய சொந்தப் பாவனைக்கென்று ஒரு லேயரை, அதாவது கண்ணாடித்தாள் போன்ற ஓர் அடுக்கை, ஒதுக்கி வைத்திருக்கிறது. அதில் எதைக் கீறினாலும் திரையில் பளிச்சென்று தெரியும். பேப்பரில் மட்டும் வராது. எத்தனையோ லேயர்கள் இருக்க, சேர் தேடிப் போய் அந்த லேயரில் உட்கார்ந்துகொண்டுதான் அளவு போடுவார். பிறகு பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, நான் போட்ட இலக்கத்தையெல்லாம் ஆர் அழிச்சது?" என்று கேட்பார்.

இரண்டாமிடம் கொள்ளுப்பிட்டியில் நாங்கள் பெரிய தாள் பிரிண்ட் எடுக்கும் கடைக்கு. அங்கே மெஷினில் இருப்பவருக்குத் தாளில் இடம் மிச்சம் இருந்தாலும் பொறுக்காது, இடம் போதாவிட்டாலும் பொறுக்காது. படத்தைத் தாளுக்கு அளவாக இழுத்தோ சுருக்கியோ அடித்துவிட்டு, "ஃபிட் பண்ணிக் குடுத்தேன் மேடம்" என்று ஏதோ உபகாரம் செய்தவர்போலச் சொல்வார். நூறுக்கு நூறாக அடியுங்கள் என்று எத்தனை தரம் சொன்னாலும், அது ஏதோ பரீட்சைப் புள்ளி என்பதுபோல் பார்ப்பார். வாடிக்கையாளர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிளானை ஃபோனில் படம் பிடித்து, அந்தப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, அதைப் பக்கத்துக் கொமினிகேஷன் கடையில் சின்னத் தாளில் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் அடிமட்டம் வைத்து அளந்து, அறை சின்னதாக இருக்கிறதே என்று எங்களுடன் சண்டைக்கு வருவார்கள்.

இந்தக் கூட்டத்தின் நடுவில் ஒரு நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ரீச்சர் வந்தார். வீட்டின் பின்பக்கம் ஒரு பாத்ரூம் கட்ட வேண்டும், தகப்பனாருக்கு. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு சீனி வருத்தத்தில் ஒரு கால் எடுக்க வேண்டி வந்துவிட்டது. இப்போது சில்லுக்கதிரையில் இருக்கிறார். பழைய பாத்ரூமுக்குப் படியேற வேண்டும் என்பதால், மூன்று வருடமாக மகள்தான் முற்றத்துக் குழாயடியில் வைத்து அவரைக் குளிப்பாட்டுகிறார். இதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஃபோனை எடுத்துத் தகப்பனாரின் குரலையே போட்டுக் காட்டினார்.

"பெரிய பாத்ரூம் ஒண்ணும் வேணாம்னு சொல்லு. நான் தனியா உள்ள போயி, கதவ மூடிக்கிட்டு, நானே குளிக்கணும். மகள் கையால குளிச்சது போதும்."

சேர் கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு போய் இடத்தை அளந்துகொண்டு, கூரை ஓட்டுக்குள்ளால் வெயில் விழும் அழகைப் பன்னிரண்டு படம் எடுத்துக்கொண்டு வந்தார். அறையின் நீள அகலம் மட்டும் ஒழுங்காக இருந்தது. மிச்சத்தை நான் கீறினேன். சரிவுப் பாதை, கைபிடிக் கம்பி, தாழ்ந்த குழாய், வழுக்காத தரை. எங்கள் கம்பியூட்டர் லைப்ரரியில் ஆயத்தமாக ஒரு சில்லுக்கதிரை இருக்கிறது, மேலிருந்து பார்த்த தோற்றம். அதை எடுத்து அறைக்குள் போட்டு, ஒரு தரம் சுற்றித் திருப்பிப் பார்த்தேன். தாராளமாகத் திரும்பியது. கதவுக்கு மூன்றடி. கைநூலும் அதைத்தான் சொல்கிறது. வியூபோர்ட்டைப் பூட்டி, ஸ்கேலை ஒன்றுக்கு இருபது என்று எழுதி, ஃபைலை மூடினேன்.

கட்ட ஆரம்பித்து ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் காலை ரீச்சர் ஃபோனில் கூப்பிட்டார்.

"மிஸ், தச்சு பாஸ் கதவு நிலை கொண்டாந்து வெச்சிட்டாரு. ஆனா செவத்துல மேசன் விட்ட எடம் ரொம்பப் பெருசா இருக்கு. நிலை உள்ள நின்னு ஆடுது."

படம் அனுப்பச் சொன்னேன். வந்தது. செங்கல் சுவரில் அகலமாக ஒரு வாசல். பக்கத்தில் சாய்த்து வைத்த, பாவமாக மெலிந்த நிலை. சுவரில் ஒட்டியபடி எங்கள் பிளான். படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். கதவின்மேல் மூன்றடி என்ற இலக்கம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம் பொங்கியது. கந்தோரில் எல்லோரும் என் மேசையைச் சுற்றி நிற்கும்படி குரலை உயர்த்திக்கொண்டு ஃபைலைத் திறந்தேன். வியூபோர்ட் பூட்டுத் திறந்து கிடந்தது. ஒன்றுக்கு இருபது, ஒன்றுக்குப் பதினேழு ஆகியிருந்தது. கதவின் அளவு, தடித்த எழுத்தில், பேப்பரில் வராத அந்த லேயரில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"சேர், நான் பூட்டியிருந்தனான். ஆர் திறந்தது?"

"ஒருக்காக் கிட்டப் பாத்தனான், பிள்ளை. கதவின்ர எழுத்துச் சின்னனாக் கிடந்தது. அழிச்சுப்போட்டுத் திரும்பப் பெரிசாப் போட்டுவிட்டன்."

"பெரிசாத்தான் போட்டிருக்கிறியள். பேப்பரில வராத மாதிரிப் பெரிசா."

கல்குலேட்டரை எடுத்தேன். மூன்றடியை இருபதால் பெருக்கிப் பதினேழால் பிரித்தேன். மூன்றடி ஆறங்குலமும் சொச்சமும் வந்தது. ரீச்சரிடம் வாசலை அளந்து சொல்லச் சொன்னேன். மூன்றடி ஆறு என்றார். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. பிளானில் இலக்கம் இல்லை, ஆகவே மேசன் பேப்பரின்மேல் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறார், பேப்பர் கொழுத்திருக்கிறது, வாசலும் கொழுத்துவிட்டது. இவ்வளவு அழகாகப் பிடிபட்ட பிழையை நான் என் வாழ்க்கையிலே கண்டதில்லை.

மேசனிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன். தெமட்டகொடைப் பக்கத்து ஆள், சிங்களவர், தமிழைக் கொஞ்சம் இழுத்து இழுத்துப் பேசுவார்.

"பாஸ், எப்பிடி அளந்தனீங்கள் கதவை? பேப்பரில வச்சோ?"

"இல்ல மிஸ். பேப்பர் பாக்க இல்ல. குச்சி வெச்சித்தான் அளந்த."

"குச்சியோ!" நான் சிரித்துவிட்டேன். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். "ஏன், உங்களிட்ட டேப் இல்லையோ?"

"டேப் இருக்கி மிஸ். ஆனா ஐயாட்ட..."

"ஐயாட்டையும் கேக்க வேண்டாம், ஆரிட்டையும் கேக்க வேண்டாம். மூண்டடி. ரெண்டு பக்கத்தாலயும் மூண்டு மூண்டங்குலம் கட்டி அடையுங்கோ."

அவருக்கு விளங்காமல் போய்விடுமோ என்று, பிளானில் இருக்கிற மாதிரியே செய்யச் சொல்லிச் சிங்களத்திலும் ஒரு தரம் சொன்னேன். சரி என்பதற்கு அவரும் சிங்களத்தில், "ஹரி மிஸ்" என்றார். ஃபோன் ரீச்சரிடம் போனது. "மேசன் வேற மாதிரி சொல்றாரு மிஸ்..." என்று தொடங்கினார். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நீங்களே குச்சி வைத்து அளக்கிற ஆளை நம்புகிறீர்களா என்று கேட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டார். நானும் பெருந்தன்மையாக மன்னித்தேன்.

புதுப் பிரிண்ட் எடுக்க நானே கொள்ளுப்பிட்டிக்குப் போனேன். மெஷின் பக்கத்தில் காவல் நின்று, நூறுக்கு நூறு என்று இருக்கிறதா என்று என் கண்ணாலே பார்த்து, வந்த தாளைக் கவுண்டரில் விரித்து ஸ்கேல் வைத்து அளந்தேன். மெஷின்காரர் என்னைப் பைத்தியம் பிடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டேன். அரை மில்லிமீட்டர் பிசகில்லை. அன்று பின்னேரம் சேர் வெட்கத்தோடு எல்லோருக்கும் பற்றிஸ் வாங்கித் தந்தார். இரண்டு சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே லேயர் பற்றி அவருக்கு ஒரு பாடமும் எடுத்தேன்.

ஆறேழு வாரம் கழித்து ரீச்சர் மறுபடி ஃபோனில் கூப்பிட்டார். வேலை முடிந்துவிட்டது, அப்பா என்னை ஒருக்கா வீட்டுக்கு வரச் சொல்கிறார் என்றார். குரலில் ஏதோ தயக்கம் இருந்தது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். நன்றி சொல்லக் கூப்பிடுகிறார்கள், சேரைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிடுகிறார்கள், யார் வேலை செய்தது என்று கொட்டாஞ்சேனைக்காவது தெரிந்திருக்கிறது. நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பஸ் மாறிப் போனேன். தேவாலயத்தில் பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமிருக்கவில்லை.

உள்ளே போனதும் நான் முதலில் பார்த்தது கதிரையை. அது எங்கள் லைப்ரரியில் இருக்கும் கதிரை அல்ல. கடையில் விற்கும் எந்தக் கதிரையும் அல்ல. இரும்புக் குழாயை வளைத்து ஒட்டி, இரண்டு பக்கமும் சைக்கிள் சில்லுப் பூட்டி, சில்லுக்கு வெளியே கையால் தள்ளக் கம்பி வளையம் வைத்த கதிரை. துறைமுகத்தில் ரீச்சரின் தகப்பனாரோடு வேலை செய்தவர்கள் செய்து கொடுத்தது. பெரியவரும் அகன்ற தோளுள்ள ஆள், அவர் உடம்புக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். நான் கீறிய கதிரையைவிட இது நல்லாய் அகலம்.

"வாங்க மிஸ்" என்றார் பெரியவர். உடனே கதிரையைத் திருப்பிப் பின்பக்கம் ஓட்டினார். நான் பின்னால் போனேன்.

பாத்ரூம் அழகாக இருந்தது. கம்பி, குழாய், தரை எல்லாம் நான் கீறியபடியே. கதவு நிலை மூன்றடி, மயிரிழை பிசகில்லாத மூன்றடி. பெரியவர் சரிவில் ஏறி வாசலுக்கு வந்தார். சில்லு இரண்டும் நிலைக்குள் மட்டுமட்டாக நுழைந்தன. வளையத்தைப் பிடித்த கைகள் நுழையவில்லை. மடங்கிய விரல்களின் மொழிகள் இரண்டு பக்கமும் மரத்தில் போய் இடித்தன. அவர் கையை எடுத்தார். எடுத்ததும் கதிரை சரிவில் பின்னுக்கு உருண்டது. மகள் ஓடி வந்து பிடித்தார். அது தினமும் நடக்கிற ஓட்டம் என்று பார்த்தாலே தெரிந்தது. பெரியவரின் விரல் மொழிகளில் தோல் உரிந்து ஆறியும் ஆறாமலும் இருந்தது.

"உள்ள தள்ளிவிட மகள் வரணும்" என்றார். "இழுத்து எடுக்கவும் மகள்தான் வரணும்."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். "பிளானில சரியாத்தான் இருக்கு, ஐயா" என்றேன். பதினாறு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பிளானப் பத்தி நான் கேக்கலியே, மிஸ்" என்றார் அவர்.

ரீச்சர்தான் மிச்சத்தைச் சொன்னார், என்னைப் பார்க்காமல். சுவரில் வாசல் விடுவதற்கு முன், மேசன் அப்பாவைக் கதிரையில் இருத்தி, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்துத் தள்ளச் சொல்லியிருக்கிறார். தள்ளும்போது முழங்கைகள் எவ்வளவு விரிகின்றன என்று பார்த்து, அந்த நீளத்துக்கு ஒரு குச்சி வெட்டியிருக்கிறார். அதோடு நிலையின் மரத்துக்கும் இரண்டு பக்கத்தால் இடம் சேர்த்துத்தான் மூன்றடி ஆறங்குலம் விட்டிருக்கிறார். எங்கள் பேப்பரை அவர் பார்க்கவே இல்லை. தச்சு பாஸுக்குத்தான் அதைச் சொல்ல மறந்துபோனார், அவர் வழக்கமான மூன்றடி நிலையையே செய்துகொண்டு வந்திருக்கிறார். "அன்னைக்கு ஃபோன்ல அதத்தான் சொல்ல வந்தாரு. மிஸ் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் விட்டுட்டேன்" என்றார்.

என் கல்குலேட்டர் கணக்கு, திறந்த பூட்டு, வராத லேயர் எல்லாம் உண்மை. ஒன்றுகூடப் பொய்யில்லை. அந்த வாசலுக்கும் அவற்றுக்கும்தான் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த வீட்டில் சரியாக இருந்தது ஒரேயொரு அளவு. அதையும் நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, ஆட்களைச் சிரிக்க வைத்து, கல் வைத்து அடைத்திருக்கிறேன். அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

மேசனுக்கு நானே ஃபோன் பண்ணினேன். அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தார். சொல்லிக்காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பெரியவரை வாசல் முன் நிறுத்தி, வளையத்தைப் பிடிக்கச் சொல்லி, டேப்பின் ஒரு நுனியை என்னிடம் தந்தார். முழங்கைக்கு முழங்கை மூன்றடி இரண்டு. பதினாறு வருடத்தில் கதவைப் பாவிக்கப் போகிற ஆளை நான் அளந்தது அன்றுதான். பிறகு காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து நீட்டினார்.

"கோடு மிஸ்ஸே போடுங்க. இல்லாட்டி பொறகு வேற பிளான் வரும்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புத்தம்புது டைல்மேல் உடைக்க வேண்டிய இடத்தில் நானே கோடு போட்டேன். நேராக வரவில்லை. அவர் அதன்மேல் மட்டப்பலகை வைத்துத் திருத்தினார்.

திங்கட்கிழமை சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப எங்கட பிளான் சரிதானே, பிள்ளை? ஸ்கேல் எல்லாம் சரிதானே?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி எறிந்திருப்பேன். ஆனால் அந்தக் கேள்வி என்னுடையது. நான்தான் அதை வருடக்கணக்காக அந்தக் கந்தோருக்குப் பழக்கியிருக்கிறேன்.

புது நிலை பொருத்திச் சுண்ணாம்பு காய்ந்ததும், யாரும் கூப்பிடாமலே போனேன். மேசனும் வந்திருந்தார். பெரியவர் எங்கள் இருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறினார். கைகள் வளையத்தில் இருந்தபடியே, எங்கும் இடிக்காமல், கதிரை ஒரே மூச்சில் உள்ளே போனது. கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. ரீச்சர் இரண்டு அடி முன்னே வைத்து, பிறகு அப்படியே நின்றுவிட்டார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றோம். தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. என்னவோ பிழை, இனி எதை உடைப்பது என்று என் மனம் ஓடத் தொடங்கியது.

உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏன் எல்லாரும் இன்னும் அங்கயே நிக்கிறீங்க? போங்க, நான் குளிக்கணும்."